சிப்பாய் சாப்பிட்டானா?

இந்தக் கதையை நான் சொன்ன இடத்திலெல்லாம் கேட்டவர்கள் ஒரே பக்கமாக நின்றதில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்ப்போம்.

தஞ்சாவூரில் பூங்கோதை என்று ஒரு பெண். வீட்டிலேயே தையல் வேலை. கணவர் கலியமூர்த்தி பேருந்து ஓட்டுநர். ஊருக்கு வெளியே இருந்த நாய்கள் காப்பகத்துக்குப் பழைய துணிகளைக் கொடுக்கப் போனவள், ஒரு கிழட்டு நாயோடு திரும்பி வந்தாள். பெயர் சிப்பாய். பதின்மூன்று வயது. இரண்டு சிறுநீரகமும் பழுது. "ரெண்டு மாசம் இருந்தா அதிகம். கூண்டுல கிடக்காம ஒரு வீட்டுல கிடக்கட்டும்" என்று சொல்லித்தான் காப்பகத்து டாக்டர் கொடுத்தார்.

சிப்பாயை வளர்த்தவர் சவரிமுத்து. மனைவியை இழந்தவர். இதய அறுவைச் சிகிச்சைக்காக மகள் ஜெசிந்தா அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனபோது, நாயைக் காப்பகத்தில் விடவேண்டியதாயிற்று. சிகிச்சை முடிந்து சென்னையிலேயே மகள் வீட்டுக்கு வந்ததும், பூங்கோதையின் எண்ணைத் தேடி வாங்கிப் பேசினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேம்மா. அவன் போயிட்டா, அன்னைக்கே எனக்குச் சொல்லிடணும்."

"சொல்றேங்கய்யா" என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு அழைப்பார். "சிப்பாய் சாப்பிட்டானா?" என்று தொடங்கிப் பழைய நாட்களுக்குப் போய்விடுவார். கரந்தையில் கொட்டும் மழையில், ஒரு தள்ளுவண்டிக்கு அடியில் உள்ளங்கையளவு கிடந்தவன். ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு காது பறக்க மார்க்கெட்டுக்கு வந்தவன். கிறிஸ்துமஸ் கேக்கை முழுசாக முடித்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்தவன். வெண்ணாற்றில் குளிக்க இறங்கிய சவரிமுத்துவின் மனைவி மூழ்கிவிடுவாளோ என்று பயந்து, சேலையைக் கவ்விக் கரைக்கு இழுத்தவன். பூங்கோதைக்குக் கிடைத்ததோ நாலடி நடந்தால் படுத்துவிடுகிற நாய். ஆனாலும் கஞ்சி ஊட்டும்போதும், தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியால் சலைன் ஏற்றும்போதும், ஆற்றில் பாயும் இளம் நாய்தான் அவள் கண்ணில் நின்றது.

ஏழாம் வாரம் வியாழக்கிழமை காலையில், அவள் மடியில் தலைவைத்தபடி சிப்பாய் அடங்கிப்போனான். கொல்லையில் புதைத்தார்கள். சவரிமுத்துவின் எண்ணுக்கு அழைத்தபோது மகள் எடுத்தாள்.

"அக்கா, அப்பாவுக்கு நெஞ்சைத் தொறந்து ஆபரேஷன் பண்ணி மூணு மாசம்கூட ஆகல. அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். கொஞ்ச நாள் போகட்டும், நானே பக்குவமா சொல்லிக்கிறேன். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

ஞாயிறு வந்தது. போன் அடித்தது.

"சிப்பாய் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டானுங்கய்யா."

அவருக்குச் சந்தோஷம். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன சிப்பாய், மூன்றாம் நாள் கழுத்தில் யாரோ போட்ட மாலையோடு வீடு வந்த கதையைச் சொன்னார். அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டு, போனை வைத்ததும் பூங்கோதை தேம்பி அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலியமூர்த்தி பொறுக்கமுடியாமல் அதே எண்ணுக்கு அழைத்து, நடந்ததைச் சவரிமுத்துவிடமே சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா அப்பாவின் உயிருக்குப் பயந்து மறைக்கச் சொன்னாள். பூங்கோதை அந்த மகளுக்காகத் தன் வாக்கை மீறினாள். கலியமூர்த்தி, தான் கொடுக்காத வாக்கைக் காப்பாற்றினார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால் கலியமூர்த்தி. நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புதான் அந்த வீட்டுக்கு வந்தது, துக்கம் சவரிமுத்துவுடையது. அதை அவரிடமிருந்து ஒளித்துவைக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் மகளின் பயத்தையும் நான் குறைசொல்ல மாட்டேன். செய்தி கேட்ட சவரிமுத்து, பூங்கோதையிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளை அவர் விடவில்லை. "அவன் உங்க வீட்டுல ஏழு வாரம் இருந்திருக்கானேம்மா. எனக்குத் தெரியாத கதை ஏதாச்சும் இருக்கும்ல? இன்னைக்கு நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றார்.