முள்ளாயியும் போன வருஷ வண்டியும்

கருங்காட்டில் முள்ளாயி என்றொரு முள்ளம்பன்றி காளான் விற்றுப் பிழைத்துவந்தது. இடி இடித்த மறுநாள் விடிகாலையில் காளான் முளைக்கும். உச்சிவெயிலுக்குள் வாடிவிடும். சந்தையோ நான்கு குன்றுகளுக்கு அப்பால்! முள்ளாயி காளான்களைத் தன் முதுகு முட்களில் குத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகும். போய்ச் சேரும்போது பாதி வாடியிருக்கும். மீதி ஓட்டையாக இருக்கும்.

சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மந்தியக்கா போன மழைக்கே கறாராகச் சொல்லிவிட்டது.

"இங்க பாரு முள்ளாயி! கரண்டியப் போட்டா குழம்புல சல்லடை சல்லடையா வருது! அடுத்த மழைக்கும் இப்படித்தான்னா நான் பெருச்சாளிகிட்ட வாங்கிக்கிறேன்!"

மந்தியக்காவை விட்டால் அத்தனை காளானையும் வாங்க வேறு ஆள் கிடையாது. ஆகவே மழைக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியே தீருவது என்று முள்ளாயி முடிவு செய்தது. காளானுக்கு மாற்றாக வாங்கிச் சேர்த்த தேன் ஏழு குடம் இருந்தது.

கரடியண்ணன் கடையில் புது வண்டி பத்துக் குடம் தேன். ஆனால் மூலையில் ஒரு சிவப்பு வண்டி நின்றது. அதுவும் புதுசுதான், யாரும் ஓட்டாதது. போன வருஷ மாடல் என்பதால் ஏழே குடம்!

"யோசிச்சிட்டு வர்றேன் அண்ணே" என்று முள்ளாயி வெளியே வந்தது. வாசலிலேயே தோகையன் என்ற மயில் மறித்தது.

"ஐயய்யே! போன வருஷ மாடலா? என்னைப் பாரு! மழைக்காலம் முடிஞ்சா பழைய தோகைய ஒண்ணு விடாம உதிர்த்துடுவேன். பழசு பழசுதான்! அடுத்த மாசம் நீல விளக்கு வச்ச புது மாடல் வருது, பொறு!"

குளக்கரையில் ஆமை மாமா நேர்மாறாகச் சொன்னது.

"என் ஓடு எண்பது வருஷத்துப் பழசு! ஒரு நாளாவது தொந்தரவு குடுத்திருக்கா? வருஷத்தப் பாக்காத! கண்ண மூடிக்கிட்டு வாங்கு!"

முள்ளாயிக்குத் தலை சுற்றியது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டது. "மயில் தோகையைப் பற்றிப் பேசியது. ஆமை ஓட்டைப் பற்றிப் பேசியது. காளானைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே!" என்று நினைத்தபோது அதற்குச் சிரிப்பே வந்துவிட்டது.

மறுநாள் இரண்டு கூடை நிறையக் கூழாங்கற்களோடு கடைக்குப் போனது.

"கல்லு எதுக்கும்மா?" என்றது கரடி.

"காளான் கூடை கனத்துக்கு! ஏத்தி ஓட்டிப் பாக்கணும்ல?"

ஓட்டவா? வண்டி கிளம்பினால்தானே! பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை. ஒரு வருஷமாக நின்ற இடத்திலேயே நின்று பேட்டரி செத்துக் கிடந்தது. முள்ளாயி குனிந்து டயரைப் பார்த்தது. மெல்லிய வெடிப்புகள்! தன் முள் ஒன்றை விட்டுப் பார்த்தது. முள் சுலபமாக உள்ளே இறங்கியது.

"அதனாலதானேம்மா விலையக் குறைச்சிருக்கேன்!" என்று கரடி பல்லைக் காட்டியது.

"விலை குறைஞ்சது வண்டி போன வருஷத்துதுங்கிறதுக்கு அண்ணே! செத்த பேட்டரிக்கும் வெடிச்ச டயருக்கும் இல்ல. ரெண்டையும் புதுசா மாத்துங்க. கேரண்டியும் இன்னிக்குத் தேதியிலேர்ந்து எழுதிக் குடுங்க!"

அந்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. கரடிக்குக் கொண்டாட்டம்.

"மேகத்தப் பாத்தியா? ராத்திரி இடி இடிக்கும்! தள்ளி ஸ்டார்ட் பண்ணி எடுத்துட்டுப் போ, டயரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்!"

முள்ளாயி மேகத்தையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தது. வண்டி இல்லாவிட்டால் மந்தியக்கா கை நழுவிவிடும். இந்த டயரோடு போனால் குன்றுப் பாதையில் வண்டியும் காளானும் தானும் பள்ளத்தில் கிடக்க வேண்டியதுதான்.

எட்டிப் பார்த்த தோகையன் வேறு கத்தியது. "வாங்காத! நாளைக்கு நீ விக்கப் போனா, வண்டியோட பதிவுப் புத்தகத்துல போன வருஷம்னுதான் இருக்கும்! விலையே போகாது!"

"நான் விக்கறதுக்கு வாங்கல தோகையா! ஓட்டி ஓட்டித் தேய்க்கறதுக்கு வாங்குறேன்!"

பிறகு அது கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் நிதானமாக உட்கார்ந்தது.

"அவசரம் எனக்கு மட்டுமா அண்ணே? அடுத்த மாசம் புது மாடல் வந்து இறங்கிட்டா, இது ரெண்டு மாடல் பழசாயிடும். அப்புறம் இந்தப் பக்கம் யாரு திரும்பிப் பாப்பா?"

கரடி காதைச் சொறிந்தது. தலையைச் சொறிந்தது. கடைசியில் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டது.

"நல்லா மாட்டுனேன் உங்கிட்ட!" என்று ஸ்பானரைக் கையில் எடுத்தது.

பொழுது சாய்வதற்குள் பேட்டரியும் டயரும் மாறின. கூழாங்கல்லை ஏற்றி முள்ளாயி கடையை மூன்று சுற்றுச் சுற்றியது. வண்டி கும்மென்று போனது! கரடி ஒரு தடித்த சாக்கை எடுத்துச் சீட்டின் மேல் விரித்தது.

"உன் முள்ளு சீட்டக் கிழிச்சா அது கேரண்டில வராது, சொல்லிட்டேன்!"

அன்று இடி இடித்தது. மறுநாள் விடிந்ததும் முள்ளாயி இரண்டு கூடை காளான் பறித்துக் கட்டிக்கொண்டு பறந்தது. மந்தியக்கா அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. ஒரு காளானை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தது. இன்னொன்றைப் பார்த்தது.

"ஒரு ஓட்டைகூட இல்ல! பறிச்ச ஈரம்கூடக் காயலியே! மழைக்காலம் முழுக்க உன் காளான்தான் முள்ளாயி! பெருச்சாளிய வர வேணாம்னு சொல்லிடுறேன்!"

முள்ளாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதுகு முட்களெல்லாம் கலகலவென்று ஒலிக்கச் சிரித்தது. வண்டி எந்த வருஷத்து மாடல் என்று சந்தையில் ஒருவரும் கேட்கவில்லை.

பிறர் பழித்தார்கள் என்று நல்ல பொருளை ஒதுக்காமலும், விலை மலிவு என்று கண்ணை மூடி வாங்காமலும், தன் தேவையை அறிந்து தானே சோதித்து வாங்குபவர் ஏமாற மாட்டார்.