மைனஸ் ஐந்து எங்கே

"அந்தப் பொண்ணு என் படத்தைக் காப்பி அடிச்சிருக்கா, மேடம்."

தாண்டவமூர்த்தி இதைச் சொன்னபோது எஸ்தர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தவில்லை.

எஸ்தருக்கு வயது நாற்பது. கணிதப் பேராசிரியை. தாண்டவமூர்த்திக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதை விட்டுவிட்டு ஆராய்ச்சி செய்ய எஸ்தரிடம் வந்து சேர்ந்தவர். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார். இதில் யார் குரு என்று வெளியாளைக் கேட்டால் தப்பாகத்தான் சொல்வான்.

"எந்தப் பொண்ணு?"

"ஷமீமா."

வேறு யார் இருக்கிறார்கள்? எஸ்தரிடம் மாணவர்களே இரண்டு பேர்தான்.

விஷயம் இதுதான். எஸ்தர் கலப்பெண்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தார். முதல் பக்கத்துக்கு ஒரு படம் வேண்டும். வர்க்கமூலத்தின் படம். கம்ப்யூட்டரில், முப்பரிமாணத்தில். இரண்டு பேரையும் வரையச் சொன்னார். கிழிசல் இல்லாத படம் அச்சுக்குப் போகும், கீழே வரைந்தவர் பெயரோடு.

தாண்டவமூர்த்தியின் பெயர் அதுவரை அச்சில் வந்தது ஒரே இடத்தில். கல்யாணப் பத்திரிகையில்.

கலப்பெண்ணுக்கு மெய்ப்பகுதி ஒன்று, கற்பனைப் பகுதி ஒன்று. போடுகிற எண்ணில் இரண்டு, வருகிற விடையில் இரண்டு. ஆக நான்கு. படத்தில் இருப்பதோ நீளம், அகலம், உயரம், மூன்றுதான். அதனால் விடையின் கற்பனைப் பகுதியை உயரமாக்கிவிடுவார்கள். மெய்ப்பகுதி நிறமாகிவிடும். பிளஸ் என்றால் சிவப்பு. மைனஸ் என்றால் நீலம். பூஜ்யம் வெள்ளை.

தாண்டவமூர்த்தி வரைந்தார். சிவப்பாக ஒரு தகடு வந்தது. நடுப்புள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்தில் வந்து சேர வேண்டிய தகடு. சேரவில்லை. ஒரு ஓரம் மேலே நின்றது, மறு ஓரம் கீழே. நடுவில் ஆள் நுழையலாம் போல இடைவெளி.

எஸ்தர் வந்து பார்த்தார். "கிழிஞ்சிருக்கே" என்றார். போய்விட்டார்.

பதினோரு நாள் அந்தக் கிழிசலோடு மல்லுக்கட்டினார் மனிதர். புள்ளிகளை நெருக்கினார். கோணத்தை மாற்றினார். கிழிசல் வேறு பக்கம் போய் உட்கார்ந்ததே தவிர, மூடவில்லை. அலுத்துப்போய்ப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார்.

ஷமீமாவுக்கு வயது இருபத்து நான்கு. அவரை அங்கிள் என்று கூப்பிடுவாள். ஊரே சார் என்று கூப்பிட்ட ஆளை.

அதைக்கூடப் பொறுத்திருப்பார். போன செவ்வாய்க்கிழமை எஸ்தர் அவள் பின்னால் நின்று அவள் திரையைப் பார்த்தார். "அழகு" என்றார். மூன்று வருஷமாக அந்த வாயிலிருந்து தாண்டவமூர்த்தி வாங்காத சொல்.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஷமீமா அவருடைய ஃபைலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு தடவை தாங்க அங்கிள், பார்த்துட்டுக் கொடுத்துடறேன் என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. திருடத்தான் என்று முடிவே கட்டிவிட்டார். பாஸ்வேர்டை மாற்றினார்.

எஸ்தர் டப்பாவை மூடி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, பார்ப்போம்."

கம்ப்யூட்டர் அறையில் யாரும் இல்லை. ஷமீமா சாப்பிடப் போயிருந்தாள். தாண்டவமூர்த்தி அவள் இடத்தில் உட்கார்ந்து அவள் படத்தைத் திறந்தார். சிவப்புத் தகடு. தன் படத்தைத் திறந்தார். சிவப்புத் தகடு.

எஸ்தர் அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அவர் பார்த்தது நீலம்.

அரை மணி நேரத்துக்கு முன்னால்வரை அது நீலம்தான். அவள் சாப்பிட எழுந்துபோன பிறகு தாண்டவமூர்த்தி அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். வர்க்கமூலத்துக்கு முன்னால் அவள் ஒரு மைனஸ் போட்டிருந்தாள். அதை அழித்தார். நீலம் சிவப்பாகிவிட்டது. எஸ்தர் நீலத்தைப் பார்த்திருப்பாரே என்ற நினைப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை என்றால் அவருக்கு ஞாபகம் இருந்தது 'அழகு' ஒன்றுதான்.

எஸ்தர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காப்பின்னா ரெண்டும் ஒண்ணுதானே. ரெண்டையும் ஒரே படத்துல போடுங்க, சார்."

போட்டார். ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் படிந்தது. இரண்டு தகடு ஒரு தகடானது. கிழிசல் அப்படியே இருந்தது.

"பார்த்தீங்களா, மேடம்?"

"பார்த்தேன். இருபத்தஞ்சுக்கு வர்க்கமூலம் என்ன, சார்?"

எட்டாம் வகுப்புக் கேள்வி. ஆயிரம் பிள்ளைகளிடம் அவரே கேட்டது.

"அஞ்சு."

"அப்புறம்?"

இரண்டாவது விடையை எழுதாத பிள்ளைக்கு ஒரு மார்க் குறைத்தவர் அவர். ஈவு இரக்கம் பார்த்ததில்லை.

"மைனஸ் அஞ்சு."

"அது எங்க?"

அவர் திரையைப் பார்த்தார். எஸ்தர் அவரைப் பார்த்தார்.

பிறகு எஸ்தர் எழுந்தார். சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அறையில் கரும்பலகையே கிடையாது.

தாண்டவமூர்த்தி உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை பையன்களை இதேபோல் நிற்க வைத்திருப்பார்.

அவள் ஃபைலுக்குள் போனார். எங்கே போக வேண்டும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கர்சரை வைத்தார். ஒரு சின்னக் கோடு, அரிசி நீளம்கூட இல்லை. தட்டினார்.

நீலம் வந்தது.

சிவப்பின் மேல் ஓரம் நீலத்தின் மேல் ஓரத்தில் போய் ஒட்டியது. கீழ் ஓரம் கீழ் ஓரத்தில் ஒட்டியது. ஒட்டிய இடத்தில் இரண்டும் வெள்ளை.

படத்தைத் திருப்பினார். மறுபக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது போலத் தெரிந்தது. உற்றுப் பார்த்தார். அங்கே ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். உயரம்தான் ஒன்று, விடை வேறு. மோதவில்லை.

திரையில் விரலை வைத்துச் சிவப்பில் புறப்பட்டார். ஒரு சுற்று முடிந்தபோது விரல் நீலத்தில் இருந்தது. இன்னொரு சுற்று. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது.

கிழிசலைத் தேடினார். மூன்று தடவை திருப்பிப் பார்த்தார்.

இல்லை.

ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி ஷமீமா உள்ளே வந்தாள். தன் இடத்தில் அவர் இருப்பதை அவள் கவனிக்கவே இல்லை. திரையைப் பார்த்துவிட்டாள்.

"சேர்ந்துடுச்சா, அங்கிள்? இதுக்குத்தானே உங்க ஃபைலைக் கேட்டேன்."

வாசலில் எஸ்தர் நின்றிருந்தார். கையில் சாக்பீஸ் இல்லை.

தாண்டவமூர்த்தி எழுந்தார். நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உட்காரும்மா. நீ சாப்பிடப் போனப்போ உன் மைனஸை அழிச்சது நான்தான்."