நாலு மில்லித் தூண்

ரயில்வே தச்சர் மாசிலாமணி ஓய்வு பெற்ற மறுமாதமே ரெஜினாவிடம் போய்ச் சேர்ந்தார். தன் மகள் வயதுப் பெண்ணிடம், பொம்மை ரயிலுக்குக் கட்டடம் கட்டக் கற்றுக்கொள்ள.

சில மாதம் கழித்து, ஒரு நாள் மாலை நாலு மணிக்குப் பொம்மை ரயில் கண்காட்சி. மேஜைமேல் தண்டவாளம் போட்டாயிற்று, ஸ்டேஷனும் வைத்தாயிற்று. மாசிலாமணி கட்டித் தருவதாகச் சொன்ன சரக்குக் கொட்டகைதான் பாக்கி. அது போதாதென்று, பழைய பட்டறைத் தச்சர்கள் பத்துப் பேரை "வந்து பாருங்கடா" என்று வேறு கூப்பிட்டுவிட்டார்.

மணி ஒன்றுக்குக் கொட்டகையைக் கொண்டுவந்தார். ரெஜினா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"தூண் என்ன அளவு, ஐயா?"

"நாலு மில்லி."

"நிஜக் கொட்டகையில?"

"ஆறு அங்குலம். நானே எத்தனை நட்டிருக்கேன்!"

"இந்த மேஜை ஊர்ல எல்லாமே நிஜத்துல எண்பத்தேழுல ஒரு பங்கு. அப்போ தூண்?"

"ரெண்டு மில்லிகூட வராது. கணக்குத் தெரியாமலா செஞ்சேன்? அவ்வளவு சன்னமாப் போட்டா தாங்காது டீச்சர்!"

"சரி, உங்க நாலு மில்லியை எண்பத்தேழால பெருக்குங்க."

பெருக்கினார். ஒரு அடிக்கும் மேல் வந்தது. கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். நாலு மூலையிலும் யானைக்கால். வரப்போகிறவர்கள் அத்தனை பேரும் தச்சர்கள். தெரு முனை வரைக்கும் சிரித்துக்கொண்டே போவார்கள்.

கொட்டகையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

புதுக்குச்சி சீவினார். சீவியதும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். நாற்பது வருஷப் பழக்கம். டக்! குச்சி ஒடிந்தது. இன்னொன்று. டக்! ஜன்னலுக்குப் போனார், கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். டக்!

"தாங்காதுன்னு நான் சொல்லல?"

"சொன்னீங்க. அழுத்தாம ஒட்டுங்க."

மூன்றே முக்காலுக்குக் கூரை ஏறி, கொட்டகை மேஜைக்கு வந்தது. பார்க்க அசல் மாதிரியே இருந்தது. மாசிலாமணிக்குத்தான் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ரெஜினா பிளாட்பாரத்தில் குட்டிக் குட்டி ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம்.

"டேய் மாசிலா! எங்கடா உன் அரண்மனை?"

அவர் கட்டைவிரல் கூரையை நோக்கிப் போனது.

"ஒரே ஒரு தரம் அழுத்திப் பாத்துடறேன் டீச்சர். தாங்குமான்னு தெரியாம எப்படி இவனுங்க முன்னால வைக்கிறது?"

ரெஜினா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். மூட்டை சுமக்கும் ஓர் ஆளை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். சுண்டுவிரல் நுனி உயரம்கூட இல்லை அவன்.

"கனக்குதா?"

"இருக்கிறதே தெரியல."

"கொட்டகை இவனைத் தாங்கினாப் போதும், ஐயா. உங்களைத் தாங்க வேண்டாம்."