பாறுகளின் உத்தியோகம்

முன்னொரு காலத்தில், மருதாறு பாயும் சீமையைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மாலையில் அதை மாற்றுவார், மாற்றியதை மறுநாள் மறந்தும் போவார்.

அரண்மனை மாட்டு மந்தைக்குத் தலைவி மசினி. காட்டோரத்துப் பெண். முந்நூறு மாடுகளையும் பெயர் சொல்லி அழைப்பாள். ஒருநாள் சபையில் ராஜா, "மசினிக்கு இருக்கிற புத்தி உங்களில் ஒருவருக்கும் இல்லை" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்று முதல் அலங்கார அதிகாரி சிங்காரநாதருக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

ராஜாவின் பிறந்தநாள் ஊர்வலத்தில் சிங்காரநாதருக்கு நேரம் வாய்த்தது. வானத்தில் வட்டமிட்ட ஒரு பாறு கழுகின் நிழல் ராஜாவின் தலைமேல் விழுந்தது. பாறு என்றால் செத்த மாட்டைத் தின்று வாழும் பெரிய பறவை. மொட்டைக் கழுத்து, கூன் முதுகு, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.

"அபசகுனம்!" என்று அலறினார் சிங்காரநாதர். "மகாராஜா, இந்தப் பீடைகள் கூடு கட்டுவது மசினி மாடு மேய்க்கும் ஆற்றங்கரை நீர்மருத மரங்களில்தான். மரங்களை வெட்டிச் சாய்த்தால் நாட்டை விட்டே ஓடிவிடும்."

"நாளைக்கே வெட்டுங்கள்!" என்றார் ராஜா.

சேதி மசினிக்கு எட்டியது. அவள் சிறுமியாக இருந்தபோது அந்தக் கரையில் நூறு கூடுகள் இருந்தன. இப்போது இருபத்தொன்றுதான். ஒரு ஜோடிக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. ஒவ்வொரு கூட்டிலும் இன்னும் இறகு முளைக்காத குஞ்சு. மரம் விழுந்தால் அத்தனையும் போய்விடும். புழுதிக் காலோடு சபைக்கு ஓடினாள்.

"மகாராஜா, அந்தப் பறவை உங்களைப் பார்த்துவிட்டு என்ன செய்தது?"

"என்ன செய்தது? பேசாமல் போய்விட்டது."

"அப்படியானால் உங்களுக்கு ஆயுசு கெட்டி, சாமி. சாகப்போகிற ஆளென்று தெரிந்திருந்தால் பக்கத்திலேயே இறங்கி உட்கார்ந்திருக்குமே!"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சொன்ன உத்தரவைச் சபை நடுவே விழுங்க மனம் வரவில்லை. "இருந்தாலும் பார்க்கச் சகிக்கவில்லையே!" என்றார்.

"சரி, வெட்டுங்கள். ஆனால் ஓர் உத்தியோகஸ்தனை நீக்கினால் அவன் வேலைக்கு வேறொருவரைப் போட்டுவிட்டுத்தானே நீக்குவீர்கள்? பாறுகளின் வேலையை யார் செய்வது?"

"பிணம் தின்பது ஒரு வேலையா?" என்று குதித்தார் சிங்காரநாதர். "செத்த மாட்டை அப்புறப்படுத்த என் ஆட்கள் பத்துப் பேர் போதும். அந்த மொட்டைக் கழுத்துகளைவிடச் சுத்தமாகச் செய்துகாட்டுகிறேன்!"

இந்தச் சொல்லுக்காகத்தான் மசினி காத்திருந்தாள். "ஆற்றங்கரையில் கிழமாடுகள் இரண்டு இழுத்துக்கொண்டு கிடக்கின்றன, சாமி. விடியும்வரை தாங்காது. ஒன்று அதிகாரிக்கு, ஒன்று பறவைகளுக்கு. அவர் ஜெயித்தால் முதல் மரத்தில் நானே கோடாலி போடுகிறேன்."

மறுநாள் காலை ராஜா கரைமேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாடுகள் இரண்டும் இரவிலேயே செத்திருந்தன. சிங்காரநாதர் தலையில் பட்டு உருமாலையும் உடம்பில் ஜவ்வாதுமாக வந்து நின்று ஆட்களை ஏவினார். மண்வெட்டிகள் விழத் தொடங்கின. வானமோ காலியாகக் கிடந்தது.

"என்ன மசினி, உன் உத்தியோகஸ்தர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லையா?" என்று சிரித்தார் சிங்காரநாதர்.

மசினி சூரியனை அண்ணாந்து பார்த்தாள். வெயில் ஏறி, காற்று சூடாகி மேலெழும்பினால்தான் பாறுகள் உயரே போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒருவேளை இன்று வராமல் போனால்? இருபத்தொரு குஞ்சுகள்.

அங்கே மூன்று முழம் தோண்டியதும் குழியில் ஆற்று நீர் ஊறியது. வேறிடம் தோண்டினார்கள், பாறை தட்டியது. வெயில் ஏற ஏற மாட்டின் வயிறு உப்பியது, ஈ மொய்த்தது, நாய்கள் கூடிக் குரைத்தன. ஆட்கள் கயிற்றைப் போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "இழுங்கடா!" என்று தானே கயிற்றைப் பிடித்த சிங்காரநாதர் வழுக்கிச் சேற்றுக் குழிக்குள் உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு ஐந்து. பிறகு முப்பது, நாற்பது. காற்றைக் கிழிக்கும் சத்தத்தோடு பாறுகள் மசினியின் மாட்டின்மேல் இறங்கின. ராஜா ஒரு தாம்பூலம் போட்டு முடிப்பதற்குள் தோல் திறந்தது. இன்னும் அரை நாழிகையில் வெள்ளை எலும்புதான் மிச்சம். நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை.

ராஜா எழுந்து அந்த எலும்புக்கூட்டைச் சுற்றி வந்தார். பிறகு குழிப் பக்கம் திரும்பினார்.

"ஓய் சிங்காரநாதரே, அந்த மாட்டையும் இவர்களிடமே விட்டுவிடும். நீர் எழுந்து வாரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிங்காரநாதர் தலை நிமிரவில்லை.

"மசினி, என்ன வேண்டும்? கேள்."

"எனக்கொன்றும் வேண்டாம், சாமி. இந்தக் கரையில் இனி ஒரு கோடாலியும் ஏறக் கூடாது. நீங்கள் மாலையில் மாற்றிவிடாமல் இருக்க, கல்லில் வெட்டி வையுங்கள்."

ராஜா முறைத்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கல் நடப்பட்டது. கூடுகளுக்குக் காவல் அதிகாரியாகச் சிங்காரநாதரையே போட்டார்.

முதல் மாதம் அவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் மாதம் துணி காணாமல் போனது. மூன்றாம் மாதம் மந்தைக் கணக்குச் சொல்ல மசினியும் வந்திருந்த சபை வேளையில், உருமாலையில்லாமல், வேட்டியெல்லாம் எச்சத்தோடு உள்ளே ஓடிவந்தார்.

"மகாராஜா! மசினி! கோணல் மரத்துக் குஞ்சு பறந்துவிட்டது! ரெண்டு தரம் கிளையில் தடுமாறியது, என் உயிரே போய்விட்டது... மூணாம் தரம் பறந்துவிட்டது!"

மசினி ராஜாவைப் பார்த்தாள். ராஜா ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சபை கலையட்டும்" என்றார். "எந்த மரம் என்று காட்டும் ஐயா!"