குண்டு பல்போட சூடு

ஆவடிப் பக்கம் ஒரு மாடி வீட்டுல ஒரு ஸ்விட்ச் இருந்துச்சு. அதுக்கு மொத்தமே ரெண்டு வார்த்தைதான் தெரியும். ஒண்ணு 'எரி', இன்னொண்ணு 'அணை'. அதை வச்சே அது ரொம்ப வருஷம் காலத்தை ஓட்டிடுச்சு. ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு வார்த்தை வேணும்னு அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

அந்த வீட்டுல ரெண்டே பேரு. தயாளன் ஷேர் ஆட்டோ ஓட்டுறவன். அவன் பொண்டாட்டி வேணி ஜாக்கெட் தைக்கிறவ. அவளுக்குத் தலைக்குள்ள கட்டி. ஆஸ்பத்திரியில எல்லாம் பண்ணிப் பாத்துட்டு, "வீட்டுல வச்சு நல்லா பாத்துக்கங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். வேணி அதைக் கேலியாப் பேசுவா, தயாளன் தெரியாத மாதிரி இருப்பான்.

சிக்கல் என்னன்னா, வெளிச்சம் பட்டா வேணி கண்ணுக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி வலிக்கும். டியூப் லைட்டைப் போட்டா கத்துவா. அணைச்சா புருஷன் மூஞ்சி தெரியாது.

"யோவ், இருக்கிறதே கொஞ்ச நாளு. அதுலயும் உன் மூஞ்சிய இருட்டுல தடவித் தடவித்தான் பாக்கணுமா?"ன்னா வேணி. "தடவிப் பாக்குற அளவுக்கு மூஞ்சியும் இல்ல."

தயாளன் சிரிச்சான். மறுநாள் ஆட்டோவை எடுக்கல. எலக்ட்ரிக் கடைக்குப் போய், வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைக்கிற ஒரு டிம்மர், ஒயர்ல தொங்குற ஹோல்டர், அது மேல கவுக்க ஒரு துணிக் கூடு, ஒரு எல்ஈடி பல்பு, எல்லாத்தையும் வாங்கிட்டு வந்தான்.

போன்ல வீடியோ பாத்துக்கிட்டே ஸ்விட்ச் போர்டு ஸ்க்ரூவைக் கழட்டினான். உள்ள இருந்த சிவப்பு ஒயர்கிட்ட கை போகுது. அப்போ கையில இருந்த டெஸ்டர் ஒயர்ல பட்டு, "யோவ், மெயினை அணைச்சியா இல்லையா?"ன்னு அலறிச்சு. மனுஷங்களுக்கு அது பேச்சு கேக்காது, அது வயித்துக்குள்ள எரியுற குட்டி விளக்குதான் தெரியும். அதைப் பாத்துட்டு தயாளன் கையை இழுத்துக்கிட்டான். ஓடிப்போய் மெயினை அணைச்சான்.

"பொழைச்சான் போ"ன்னுச்சு டெஸ்டர். "உயிர் இருக்கான்னு தொட்டுப் பாத்துச் சொல்றதுதான் என் பொழப்பு. இருந்தா கத்துவேன். இல்லன்னா வாயே திறக்க மாட்டேன்."

பழைய ஸ்விட்ச் வெளிய வந்துச்சு. அது இருந்த ஓட்டையில புதுசா ஒண்ணு ஏறி உக்காந்துச்சு, உருண்டையா, வழவழன்னு.

"யாருப்பா நீ? ஃபேன் ரெகுலேட்டரோட சித்தப்பா பையனா?"ன்னு ஸ்விட்ச் கேட்டுச்சு.

"இல்லண்ணே. டிம்மர்."

"என்ன தெரியும் உனக்கு?"

"'கொஞ்சமா'ன்னு சொல்லத் தெரியும்."

இத்தனை வருஷமா ஸ்விட்ச்சுக்குத் தெரியாத வார்த்தை அது. தயாளன் பழைய ஸ்விட்ச்சைக் குப்பையில போடல. ஜன்னல் கட்டையில மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்துல வச்சான். வேலை போனாலும் நல்ல ஜன்னல் சீட்டு. அங்க இருந்து பாத்தா ரூம் முழுக்கத் தெரியும்.

டியூப் லைட்டைக் கழட்டி, எல்லாத்தையும் மாட்டிட்டு மெயினைப் போட்டான். டிம்மரை மெதுவா பாதிக்குத் திருப்பினான். எல்ஈடி பல்பு வெட்டி வெட்டி எரிஞ்சுது.

வேணி தலகாணிக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டா. "யோவ், நான் கேட்டது கொஞ்சம் வெளிச்சம். மாரியம்மன் கோயில் சீரியல் செட்டு இல்ல!"

தயாளன் பதறிப்போய் அணைச்சான். பல்புக்கு ரோஷம் வந்துடுச்சு. "என்னை ஏன் முறைக்கிறீங்க? தப்பு இந்த டிம்மர் மேல. கரண்ட்டை ஒழுங்கா குடுத்தாத்தானே நான் எரிவேன்? குடுக்குறான், புடுங்குறான், குடுக்குறான், புடுங்குறான்."

"அப்படியாடா?"ன்னு ஸ்விட்ச் டிம்மரைக் கேட்டுச்சு.

டிம்மர், "ஆமாண்ணே. 'கொஞ்சமா'ன்னு ஒரு வார்த்தை எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்ச அதே ரெண்டுதான். எரி, அணை, எரி, அணைன்னு விடாம சொல்லிக்கிட்டே இருக்கேன். கண்ணு சிமிட்டுறதுக்குள்ள பல தடவை செத்துச் செத்துப் பொழைக்கிறேன். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அது சாந்தமா தெரியுது, அவ்ளோதான்"னுச்சு.

"அடப்பாவி. நான் ஒரு நாளைக்கு நாலு தடவை பண்ண வேலைக்கே இடுப்பு ஒடிஞ்சு போகும். உனக்கு வலிக்காதா?"

"அமைதியா இருக்கிறதுன்னா சும்மாவாண்ணே?"

தயாளன் மறுபடியும் கடைக்கு ஓடினான். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுட்டு, "டிம்மருக்கு அந்தக் காலத்து குண்டு பல்புதான் சரி"ன்னு உள்ள போய் ஒரு தூசி புடிச்ச அட்டை டப்பாவை எடுத்துட்டு வந்தாரு. "இதை இப்போ கோழிக்குஞ்சுக்குச் சூடு வைக்கத்தான் வாங்குறாங்க. வீட்டுல கோழி வளக்குறீங்களா?"

"ஒரே ஒரு கோழி சார். ரொம்ப வாயாடி"ன்னான் தயாளன். சொல்லிட்டு சட்டுன்னு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

குண்டு பல்பு ஹோல்டர்ல ஏறுச்சு. டிம்மர் பயந்துக்கிட்டே, "நான் நடு நடுவுல நின்னு நின்னு போவேன். கோச்சுக்காதீங்க"ன்னுச்சு.

"நில்லு ராசா. நான் இருக்கேன்ல?"ன்னுச்சு குண்டு பல்பு. "நீ நிறுத்தினதும் அணையுறதுக்கு நான் என்ன எல்ஈடியா? என் கம்பி சூடு ஆற நேரமாகும். ஆறுறதுக்குள்ள நீ திரும்ப வந்துடுவ. நடுவுல இருக்கிற இருட்டை நான் என் சூட்டை வச்சு ஒப்பேத்திடுறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

அன்னைக்கு அந்த ரூம்ல பழுத்த மாம்பழக் கலர்ல ஒரு வெளிச்சம் வந்துச்சு. வேணி மெதுவா தலகாணியை எடுத்தா. ஒரு கண்ணைத் திறந்தா. வலிக்கல. இன்னொரு கண்ணையும் திறந்து தயாளனையே பாத்தா.

"யோவ், ஷேவ் பண்ணி எவ்ளோ நாளாச்சு?"

"உனக்குத்தான் தெரியாதேன்னு விட்டுட்டேன்."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ஜன்னல் கட்டையில இருந்த ஸ்விட்ச்சும் சிரிச்சுது.

அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் தயாளன் கட்டில் பக்கத்துல உக்காந்து அன்னைக்கு ஆட்டோவுல நடந்ததைச் சொல்லுவான். பேரம் பேசுற பாட்டி, ஏறினதும் தூங்கிட்டு அம்பத்தூர்ல முழிச்சு சண்டை போடுறவரு, எல்லாரு மாதிரியும் நடிச்சுக் காட்டுவான். பாதியில குரல் சட்டுன்னு உடையும். உடனே, "இரு, அடுப்புல பால் இருக்கு, பாத்துட்டு வரேன்"னு கிச்சனுக்குப் போயிடுவான். குழாயில தண்ணி விழுற சத்தம் கேக்கும்.

வேணி விட மாட்டா. இங்க இருந்தே கத்துவா. "யோவ், அந்தக் கெழவி கடைசில காசு குடுத்துச்சா இல்லையா? எனக்குத் தெரியும், நீ வாங்கியிருக்க மாட்ட. ஆட்டோ ஓட்டுறியா, அன்னதானம் பண்றியா?" பேசிக்கிட்டே இருப்பா. அந்தக் குரலைப் புடிச்சுக்கிட்டே தயாளன் திரும்பி வந்து, விட்ட இடத்துல இருந்து கதையை ஆரம்பிப்பான்.

ஒரு நாள் தயாளன் தங்கச்சி சுகந்தி பாக்க வந்தா. அண்ணன் கிச்சனுக்குள்ள போனதும், "ஏன் அண்ணி இவ்ளோ கத்துறீங்க? தலை வலிக்கப் போகுது. பாலை நான் போய்ப் பாக்குறேன்"னு எழுந்தா.

வேணி அவ கையைப் புடிச்சு உக்கார வச்சா. "போகாத சுகந்தி. அங்க பாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு சாயங்காலத்துல எத்தனை வாட்டிடி பால் காயும்?"

சுகந்தி முழிச்சா.

"நான் பேசிக்கிட்டே இருக்கிற வரைக்கும் உங்கண்ணன் வந்துடுவான். என் சத்தம் நின்னுதுன்னா அங்கயே உக்காந்துடுவான்"னா வேணி. சொல்லிட்டு மறுபடியும் கிச்சன் பக்கம் திரும்பி, "யோவ், பாலைப் பாக்குறியா, மாட்டைத் தேடிப் போயிட்டியா?"ன்னு கத்தினா.

மேல தொங்கிட்டிருந்த குண்டு பல்பு டிம்மரைக் கூப்பிட்டுச்சு. "பாத்தியா? கத்துறாளே, அந்தப் பொண்ணு பண்றதும் என் வேலைதான்."

"ஊருக்குள்ள எல்லாரும் தயாளன்தான் தைரியமா தாங்குறான்னு சொல்றாங்க"ன்னுச்சு டிம்மர்.

"சொல்லிட்டுப் போகட்டும். வெளிய தெரியாம இருக்கிறதுதானே வேலையே."

வேணியோட சத்தம் நாளுக்கு நாள் சின்னதாச்சு. கத்துறது போய், பேசுறதாச்சு. பேசுறது போய், "யோவ்"ங்கிறது மட்டும் மிச்சமாச்சு. அந்த ஒரு 'யோவ்'வுக்கும் தயாளன் திரும்பி வந்துக்கிட்டிருந்தான்.

ஒரு மத்தியானம் அதுவும் நின்னுடுச்சு.

வீடு முழுக்க ஜனம். தயாளன் அழல. நாற்காலி போட்டான், வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தான், ஃப்ரீசர் பாக்ஸுக்காரன்கிட்ட பிளக்கு எங்க இருக்குன்னு காட்டினான். "என்னமா தாங்குறான் பாரு"ன்னாங்க. மேஜை மேல இருந்த டெஸ்டர் வாயே திறக்கல.

பொழுது சாஞ்சுது. யாரோ, "முகம் தெரியல, லைட்டை நல்லா போடுங்க"ன்னு டிம்மரை முழுசாத் திருப்பினாங்க. அவ்ளோ நாளா அடங்கி எரிஞ்ச குண்டு பல்பு ஒரு தடவை பளிச்சுனு எரிஞ்சுது. 'டிங்'னு சத்தம். கம்பி அறுந்து போச்சு. அலமாரியில கெடந்த எல்ஈடி பல்பை ஒருத்தர் எடுத்து மாட்டினாரு.

வெள்ளை வெளிச்சம் வேணி முகத்துல விழுந்துச்சு.

தயாளன் வேகமா வந்தான். யாரையும் பாக்காம டிம்மரைப் புடிச்சு, எப்பவும் வைக்கிற இடத்துக்குக் கொறைச்சான். "அவளுக்குக் கண்ணு கூசும்"னான்.

பல்பு வெட்டி வெட்டி எரிஞ்சுது. தயாளன் எல்லாரையும் ஒரு சுத்து பாத்தான். என்னமோ சொல்ல வாயைத் திறந்தான். குரல் உடைஞ்சுது.

"இருங்க, அடுப்புல பால் இருக்கு, பாத்துட்டு வரேன்"னான்.

எழவு வீட்டுல யாரு அடுப்பு பத்த வைப்பா? டீ கூட எதிர் வீட்டுல இருந்துதான் வந்துச்சு. ஒருத்தரும் தடுக்கல. அவன் கிச்சனுக்குள்ள போனான். குழாயில தண்ணி விழுந்துச்சு. விழுந்துக்கிட்டே இருந்துச்சு. சுகந்தி வாயைத் திறந்து பாத்தா. அவளுக்கு சத்தம் வரல.

அப்புறம் தண்ணி சத்தத்தையும் மீறி உள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. அந்த வீட்டுச் சுவரு அதுவரைக்கும் கேட்டிருக்காத சத்தம்.

ஜன்னல் கட்டையில இருந்த ஸ்விட்ச்சுக்குத் தாங்கல. "டேய், என்னடா ஆச்சு? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

டிம்மர் எரி, அணைன்னு சொல்றதை நிறுத்தாமலே பதில் சொல்லுச்சு.

"நேத்தும் இப்படித்தாண்ணே இருந்துச்சு. அப்போ மறைக்க ஆள் இருந்துச்சு."