முதல் தாம்பூலம் யாருக்கு?

வாயை மூடிக் காதைத் திறந்து வைப்பவர்களுக்குத்தான் இந்தக் கதை. நடுவில் தொணதொணப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

முன்னொரு காலத்தில், மூன்று அடுப்புக் கற்களுக்கு நடுவே சிக்கிய சுள்ளிபோல, மூன்று பெரிய நாடுகளுக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு நாடு இருந்தது. மலைநாடு விறகு கொடுத்தது. ஆற்றுநாடு அரிசி கொடுத்தது. கடல்நாடு உப்புக் கொடுத்தது. ஒருவர் வழியை அடைத்தாலும் ஊரில் உலை ஏறாது.

அந்த மூவரோடும் உறவு காப்பது அமைச்சர் நம்பிமாறனின் வேலை. அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. மலைநாட்டுத் தூதர் வந்தால், "நீங்கள்தான் எங்களுக்கு முதல் உறவு. மற்ற இருவரும் சும்மா பேச்சுக்கு" என்பார். ஆற்றுநாட்டுத் தூதர் வந்தாலும் அதே பேச்சு. கடல்நாட்டுத் தூதர் வந்தாலும் அதே பேச்சு. நாக்கில் தேன் தடவ என்ன செலவு?

இளவரசிக்குக் கல்யாணம் வந்தது. சபையில் முதல் தாம்பூலம் வாங்குபவரே முதல் உறவு என்பது அந்தக் காலத்து வழக்கம். இந்தக் காலத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்! "முதல் தாம்பூலம் எங்களுக்குத்தானே?" என்று மூன்று தூதர்களும் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். "அதிலென்ன சந்தேகம்!" என்று மூவருக்கும் சொல்லியனுப்பினார் நம்பிமாறன்.

சொன்ன பிறகுதான் முதல் தட்டு ஒன்றுதான் என்பது உறைத்தது. மனைவி குழல்மொழியிடம் போய் நின்றார்.

"மூன்று தட்டையும் ஒரே நேரத்தில் நீட்டினால்?"

"ராஜாவுக்கு மூணாவது கை முளைக்கட்டும், நீட்டலாம்."

"கல்யாணத்தைத் தள்ளிப்போட்டால்?"

"முகூர்த்தம் என்ன உங்க சாவடிக்கு வர்ற மனு ஓலையா, அடியில செருகி வைக்க?"

"காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால்?"

"படுங்க, படுங்க. உப்பு வண்டி நின்னா ஊரே பக்கத்துல வந்து படுக்கும்."

நாள் வந்தது. மேளம் நின்றது. தட்டை ஏந்திய அரசர், "யாருக்கு, அமைச்சரே?" என்றார். மூன்று தூதர்களும் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். எழுந்தபின் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

நம்பிமாறன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் பெயரைச் சொன்னாலும் இரண்டு வழி அடைபடும்.

"மூவருக்கும் வாக்குக் கொடுத்தேன்," என்றார் கடைசியில். "மூவரிடமும் பொய் சொன்னேன். தண்டனையை எனக்குக் கொடுங்கள். வழியை மட்டும் அடைக்காதீர்கள்."

மலைநாட்டார் கை வாளுக்குப் போனது. "இவர்களைப் பற்றி என்னிடம் சொன்னதெல்லாம்?"

"உங்களைப் பற்றி இவர்களிடமும் சொன்னேன், ஐயா."

அரசர் முகம் சிவந்து, "முத்திரை மோதிரத்தைக் கழற்றும்!" என்றார். நம்பிமாறன் கழற்றினார்.

அப்போது கடல்நாட்டுக் கிழத் தூதர் செருமினார். "மோதிரம் அவரிடமே இருக்கட்டும், அரசே. எங்கள் ஊரிலும் இதே பொய்தான் சொல்கிறோம், ஒப்புக்கொள்ளத்தான் ஆளில்லை. இவரை அனுப்பிவிட்டால், புதிதாக வருகிறவர் அதே பொய்யை முதலிலிருந்து ஆரம்பிப்பார்."

ஆற்றுநாட்டார் களுக்கென்று சிரித்துவிட்டார். மலைநாட்டார் வாளை விட்டார். அரசரும் மோதிரத்தைத் திரும்ப மாட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு மூவரும், முதன்முறையாக அமைச்சர் நடுவில் இல்லாமல், தங்களுக்குள் பேசி, வயதில் மூத்த கடல்நாட்டாருக்கே தட்டைக் கொடுக்கச் சொன்னார்கள். மறுநாள் மூன்று வழியிலும் வண்டிகள் வந்தன.

ஆளுக்கொரு பேச்சுப் பேசுகிறவனை நண்பனும் நம்பமாட்டான். கசந்தாலும் எல்லோரிடமும் ஒரே பேச்சுப் பேசுகிறவனைப் பகைவனும் நம்புவான்.