நரியார் எண்ணிய மழைக்காலம்

தாழைக்குளத்தில் செம்பட்டை என்றொரு நரி வாழ்ந்தது. முட்டை திருடுவது அதன் தொழில். மோப்பம் பிடிக்க நாலு நரிகள், காவலுக்கு ஒரு கீரி என்று தொழிலை வெகு ஒழுங்காக நடத்தியது.

ஒருநாள் நாமக்கோழி என்ற நீர்ப்பறவையின் கூட்டிலிருந்து மூன்று முட்டைகள் போயின. அது நீதிபதி கரடியிடம் ஓடப் பார்த்தது.

கீரி மிகுந்த அன்போடு குறுக்கே வந்தது. "எங்கே அக்கா அவசரமா? மீதி ரெண்டு முட்டையும் நல்லபடியா பொரிய வேண்டாமா?"

நாமக்கோழி திரும்பிப்போய் மீதி முட்டைகளை அடைகாத்தது. குஞ்சுகள் பொரிந்தன, வளர்ந்தன, வேறு குளத்துக்குப் பறந்தும் போயின. அதன் பிறகே அது துணிந்து வழக்குப் போட்டது.

செம்பட்டை குளித்து முழுகி, உத்தமனாக வந்து நின்றது.

"ஐயா, குற்றம் முடிந்து ரெண்டு மழைக்காலம் தாண்டினால் வழக்கு செல்லாது. சட்டத்தை நான் உயிராக மதிக்கிறவன். மூணு மழைக்காலம் ஆச்சு!"

பாவம், எவ்வளவு மதிப்பு! மழையைக்கூட எண்ணி வைத்திருந்தது.

கரடி பெருமூச்சு விட்டது. "உண்மைதான். காலம் கடந்துவிட்டது."

நாமக்கோழி விடவில்லை. நரியைப் பார்த்துக் கேட்டது: "போகட்டும். உங்க கூட்டம்தான் கலைஞ்சு போச்சாமே? இப்போ குளத்துக்கே காட்டுப்பூனைதான் ராஜாவாம்!"

செம்பட்டைக்கு ரோமம் சிலிர்த்தது. "எவன் சொன்னான்? ஒருநாள்கூட நாங்க தொழிலை நிறுத்தினதில்லை! அதே நரிங்க, அதே கீரி! நேற்றுகூட முக்குளிப்பான் கூட்டில்..."

கீரி அதன் வாலைப் பிடித்து இழுத்தது. இழுத்து என்ன பயன்?

கரடி நிமிர்ந்து உட்கார்ந்தது. "தனி ஆளின் திருட்டு அன்றோடு முடிந்துவிடும். கூட்டமாக நடத்தும் தொழில், நிறுத்தினால்தானே முடியும்? நீங்கள்தான் நிறுத்தவே இல்லையே! வழக்கு செல்லும்."

"ஐயா, சும்மா பெருமைக்குச் சொன்னேன்!" என்று நரி அலறியது.

"எனக்கு எதுவுமே தெரியாது! நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்!" என்றது கீரி.

முட்டையைப் பறிகொடுத்த அந்த முக்குளிப்பான் பறவை வந்து சாட்சி சொன்னது. கூட்டம் முழுவதும் காட்டை விட்டே விரட்டப்பட்டது.

போன முட்டைகள் திரும்பவில்லை. ஆனால் நாமக்கோழி மறுபடியும் கோரைப்புல்லை வளைத்துக் கூடு கட்டியது.

கூட்டுச் சேர்ந்து குற்றத்தைத் தொடர்கிறவர்கள், காலம் கடந்துவிட்டதென்று தப்பிக்க முடியாது.